என் அப்பா அடித்ததாக நான் சொன்னது

என் பேத்தியை என்னோடு தனியாக விடமாட்டார்கள். இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. குழந்தை மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தால் பின்னாலேயே மருமகளோ மகனோ வந்துவிடுவார்கள். கொடியில் காயும் துணியை எடுக்க வந்ததுபோல, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்ததுபோல அங்கேயே நிற்பார்கள். மருமகள் மரியாதை தெரிந்த பெண். "பாப்பா உங்களத் தொந்தரவு பண்றாளுங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இல்லையம்மா என்று நான் சொல்லி முடிக்கும்போது பாதிப் படி இறங்கியிருப்பாள்.

அவர்கள் செய்வதில் தப்பில்லை. நான் அடித்து வாழ்ந்தவன். மனைவியை, அவள் நோயில் படுக்கிற வரைக்கும் அடித்தேன். மகனை, அவன் என்னைவிட உயரமாகி ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் அடித்தேன். கையால் அடித்திருக்கிறேன், செருப்பால் அடித்திருக்கிறேன், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மெஷின் பெல்ட்டால் அடித்திருக்கிறேன். அவன் கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ அவன் வீட்டில்கூட அரைக்கால் சட்டை போடுவதில்லை.

இருந்தாலும் ஆசை போகவில்லை. அந்தக் குழந்தை ஒருநாளாவது, யாரும் காவல் நிற்காமல், என் அறைத் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். எழுபதைத் தாண்டிய எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அது எனக்குக் கிடைத்ததா என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு, நான் பிறந்த சதுப்புக்காட்டையும் அங்கே என் மகன் போய் வந்ததையும் சொல்லியாக வேண்டும்.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குச் சற்றுத் தள்ளி மகன் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறான். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கும் வேலை. முன்னால் தகரக் கொட்டகையில் மெஷின்கள், பின்னால் வீடு, வீட்டு மாடியில் நான். போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், சரக்கு அனுப்ப வேண்டிய நாளில், குழந்தை கொட்டகைக்குள் போய் மார்க்கிங் சாக்பீஸை எடுத்து, கட்டி வைத்திருந்த வெள்ளைத் துணிகளின் மேல் படம் வரைந்துவிட்டது. நீலச் சாக்பீஸ். மகன் ஓடி வந்து பார்த்தான். பார்த்த வேகத்தில் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழவில்லை. திகைத்துப்போய் அப்பனையே பார்த்தது. அவன் துணி மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

அப்போது எனக்குள் எழுந்தது இரக்கம் என்றுதான் எழுத ஆசை. அது பொறாமை. ஒரே ஓர் அறைக்கு ஒருவன் இப்படி அழ முடியுமா? எத்தனையோ முறை அடித்தும் எனக்கு ஒருமுறைகூட இப்படி அழுகை வந்ததில்லையே. என்னைவிட நல்ல தகப்பன் ஒருவன் என் கண்ணெதிரே, என் சோற்றைத் தின்று வளர்ந்தவன், அழுதுகொண்டிருந்தான். எனக்கு அது பொறுக்கவில்லை.

மருமகள் அன்று சாயங்காலமே குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவிநாசிபாளையத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. தீபாவளிக்கு எப்படியும் போகிற பயணம்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். மறுநாள் மகன் மாடிக்கு வந்தான். என் அறைக்குள் வந்து உட்காருகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அன்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உங்கப்பாரு உங்கள அடிச்சது நெசந்தானுங்களாப்பா?"

"நெசந்தான்."

"அப்ப இது நம்ம ரத்தத்துலயே இருக்குதுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தூங்கியிருப்பான். "இருக்கு," என்றேன் நான். "எனக்கு வந்தது. ஒனக்கும் வந்துருச்சு."

வேண்டுமென்றேதான் சொன்னேன். அவனும் என்னைப்போல ஆகட்டும் என்று சொன்னேன்.

என் அப்பா என்னை அடித்ததே இல்லை. ஒருமுறைகூட இல்லை.

அந்தப் பொய்யை நான் முதலில் சொன்னது என் மனைவியிடம். கல்யாணமான முதல் வருடம், நான் அவளை முதன்முதலாக அடித்த மறுநாள், அவள் விருதுநகர்ப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்குப் போகப் பையைக் கட்டினாள். அவளை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் அப்பா குடிகாரர் என்றேன். அம்மா செத்தபின் என் இடுப்பில் கயிறு கட்டிச் சேற்றில் இழுத்துக்கொண்டு போவார் என்றேன், திருக்கை மீனின் வாலால் அடிப்பார் என்றேன். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். சின்ன வயதில் சேற்றில் மட்டிச் சிப்பியின் ஓடு கிழித்த நீளமான வடு ஒன்று அங்கே உண்டு. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வடுவைத் தொட்டுப் பார்த்து அழுதாள். அதன்பிறகு எந்த வருடமும் பையைக் கட்டவில்லை. குளிர்காலத்தில் அந்த வடுவில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் அடித்து வலிக்கிற கையாலும் தேய்த்துவிட்டிருக்கிறாள். மகனிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்தாள்: "அப்பா சின்ன வயசுல அடி வாங்கி வளந்தவுக ராசா. நாமதான் பொறுத்துக்கிடணும்."

அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசிவரை அவள் அதை நம்பினாள். பொய்யைச் சரிபார்க்க வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். ஊர்ப்பக்கம் நான் அவளைக் கூட்டிப் போனதே இல்லை.

என் ஊர் முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டு ஓரத்தில் இருக்கிறது. ஆறு கடலில் சேருமுன் ஒரு பெரிய காயலாகப் பரவிக் கிடக்கும். சுற்றிலும் சேறு, சேற்றில் மரம், மரத்தைச் சுற்றி ஆணி அடித்ததுபோல மேல்நோக்கி நிற்கும் வேர்கள். அப்பாவுக்கு அந்தக் காட்டுக்குள் ஒரு மீன் வாய்க்கால் இருந்தது. காயலிலிருந்து சேற்றுக்குள் வெட்டிய வாய்க்கால் அது. தண்ணீர் ஏறும்போது மீன் அதில் நுழையும், வற்றும்போது வாயில் வலையைக் கட்டி மறித்துப் பிடிக்க வேண்டும். என்னை அவர் பட்டணத்து விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். பிறகு கும்பகோணத்தில் ஆங்கிலம் படித்தேன். திருப்பூருக்கு வந்து, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதும் ஆளாக ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே என் அப்பா தஞ்சாவூரில் தாசில்தார் ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் இறந்தபோது ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான். லீவு கேட்டால், நானும் வருகிறேன் என்று யாராவது கிளம்பிவிடுவார்களோ என்று பயந்து நான் போகவில்லை. கொள்ளி வைத்தது என் அத்தை மகன்.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். தெற்கத்தி ஆட்களெல்லாம் பஸ் பஸ்ஸாகக் கிளம்பிப் போனபின் எங்கள் கொட்டகையில் மெஷின் சத்தம் இல்லை. மகன் பையோடு மாடிக்கு வந்து, ஊருக்குப் போகிறேன் என்றான். எந்த ஊருக்கு என்றேன். உங்க ஊருக்கு என்றான். அங்கே யாரும் இல்லை, வெறும் சேறுதான் என்று சொன்னேன்.

"சேத்தையாச்சும் பாத்துட்டு வர்றனுங்க," என்றான். "இது எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு தெரியோணும். தெரியாம எம்புள்ள மூஞ்சியில என்னால முழிக்க முடியாதுங்க."

தடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எவ்வளவோ வருடங்களாகிவிட்டன. அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை மகனை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவனும் செத்திருப்பான் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

அவன் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். என்னை விடுதியில் விட்டபின் அப்பா அவனைத்தான் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். முதல் விடுமுறைக்கு வந்தபோது கரையில் நின்று பார்த்தேன். அப்பா முன்னால் நடக்கிறார், அவர் பின்னால் அவன். நான் நடந்த இடத்தில் அவன். எனக்குப் புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தார் அப்பா. சேறு படக்கூடாது, படிக்கிற பிள்ளை, கரையிலேயே இரு என்று சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் முதல் பொறாமை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பிற்பாடு நான் செய்ததற்கெல்லாம் இதைக் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. கரையில் நின்ற பிள்ளைகளெல்லாம் பெண்டாட்டியை அடிப்பதில்லை.

மகன் போன மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்பா, ஒரு நிமிசம் இருங்க, என்று மகன் சொல்வதற்குள் யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

"என்ன மச்சான், உசுரோடதான் இருக்கியா? நீ போய்ச் சேந்துட்டேன்னு நான் பாட்டுக்கு ஒன் வாய்க்கால ஆண்டுக்கிட்டுல்ல இருக்கேன்."

குரலில் கிழடு தட்டியிருந்தது. ஆனாலும் அந்த அத்தை மகன்தான். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. சௌக்கியமா என்று கேட்டிருப்பேன்.

"ஒன் புள்ள நல்ல புள்ளடா. எல்லாத்தையும் வாங்க போங்கங்கிறான். நேத்து நண்டு கடிச்சிருச்சு, அதுகிட்டயும் விடுங்க விடுங்கங்கிறான்." பின்னால் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. "மச்சான், எங்க மாமா ஒன்னக் கயித்துல கட்டி இழுத்தாருன்னா சொல்லி வச்சிருக்க? இங்கன ஊரே சிரிக்கிது. எனக்குத்தான் சிரிப்பு வரல."

நான் போனை வைத்துவிட்டேன்.

கயிறு உண்மை. அந்தக் காட்டில் எந்தத் தகப்பனும் பிள்ளையை முதல் சில வருடங்கள் கயிறு கட்டித்தான் வாய்க்காலுக்குக் கூட்டிப்போவான். மேலே பார்க்க எல்லாச் சேறும் ஒன்றுபோல இருக்கும். எது கெட்டி, எது இடுப்புவரை இழுக்கும் என்று பெரியவர்களின் காலுக்குத்தான் தெரியும். ஒரு முனை பிள்ளை இடுப்பில், மறுமுனை தகப்பன் இடுப்பில். பிள்ளை வழுக்கினால் தகப்பனுக்குத் தெரிந்துவிடும். அவர் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அந்த ஊரில் யாரிடமாவது போய், என் அப்பா என்னைக் கயிற்றில் கட்டினார் என்று சொன்னால், ஆமாம், பின்னே கட்டாமல் விடுவாரா என்றுதான் கேட்பார்கள். அந்தச் சேற்றைக் கண்டிராதவர்களிடம்தான் அதைக் கொடுமையாகச் சொல்ல முடியும். நான் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். முழுப் பொய்யை எப்போதாவது மாற்றிச் சொல்லிவிடுவோம். பாதி நிஜம் கலந்தது கடைசிவரை மாறாமல் நின்றது.

மகன் ஒரு வாரம் அங்கே இருந்தான். அந்த ஒரு வாரமும் நான் பட்ட பாடு விசித்திரமானது. பொய் வெளிப்பட்டதைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். என் மகன் அந்த மச்சான் வீட்டில் சாப்பிடுகிறான், அவன் தோணியில் போகிறான், அவனை மாமா என்று கூப்பிடுகிறான் என்ற நினைப்புதான் என்னைத் தின்றது. முதலில் என் அப்பாவை எடுத்துக்கொண்டான். இப்போது மகனையும். எழுபது வயதில் ஒரு கிழவன் இப்படி நினைப்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்தவன் நேராக மாடிக்கு வந்தான். உடம்பெல்லாம் கறுத்திருந்தது. கணுக்காலில் கீறல்கள். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னான். கயிற்றைப் பற்றி அவன் விடாமல் கேட்டதும் மச்சான் எழுந்து போய் ஒரு கயிற்றை எடுத்து வந்திருக்கிறான். முதல்முறை வருகிறவனுக்கு வயது கணக்கில்லை என்று சொல்லி இவன் இடுப்பில் ஒரு முனையையும் தன் இடுப்பில் ஒரு முனையையும் கட்டிக் காட்டுக்குள் கூட்டிப் போயிருக்கிறான். கொஞ்ச தூரத்தில் இவன் தொடைவரை இறங்கிவிட்டான். மச்சான் திரும்பாமலே நின்று, முன்பக்கம் சாய்ந்து இழுத்தானாம்.

"இடுப்புல கயிறு இறுக்குச்சு பாருங்க, அப்பத் தெரிஞ்சுதுங்கப்பா," என்றான். "பயமே போயிருச்சுங்க."

எனக்கு அந்த இறுக்கம் தெரியும். நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே, சொரசொரப்பாக. அறுபது வருடத்துக்கு மேலாகியும் தெரியும். அவன் அதைச் சொன்னபோது என் பொருள் ஒன்றை என்னிடமே காட்டி இது என்னுடையது என்று சொல்வதுபோல இருந்தது.

மச்சான் அவனுக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தான். மச்சான் சின்னவனாக இருந்தபோது ஒருநாள் தண்ணீர் வற்றுவதற்குள் அவசரப்பட்டு வலையைத் தூக்கிவிட்டான். மறித்து வைத்த மீன் முழுவதும் காயலுக்குள் ஓடிவிட்டது. ஒரு நாள் பிழைப்பு போயிற்று. அடி விழப்போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, அப்பா வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்து, "விடுடா, மீனுக்கு இன்னிக்கு லீவு," என்றாராம்.

இதைச் சொல்லும்போது மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அவர் அதைச் சொன்னபோது நான் விடுதியில் இஸ்திரி போட்ட சட்டையோடு பாடம் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அப்ப ரத்தத்துல இல்லீங்க," என்றான் மகன். அவன் முகம் தெளிந்திருந்தது. "தாத்தா யாரையும் தொட்டதில்லீங்களாம். ஊருக்குள்ள எல்லாத்துகிட்டயும் கேட்டனுங்க. ஒருத்தர் மாத்திச் சொல்லல."

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாகற வரைக்கும் உங்க முதுகுக்கு எண்ணெ தேச்சு உட்டாங்க."

எழுந்து கீழே போனான். அன்றே அவிநாசிபாளையத்துக்குப் போய் மனைவியையும் குழந்தையையும் கூட்டிவந்தான். குழந்தை அவன் தோளில் உட்கார்ந்து வந்தது. அவன் அதற்குப் பயப்படுவதை விட்டுவிட்டான். தன் கைக்குப் பயப்படுவதை விட்டுவிட்டான் என்று சொல்ல வேண்டும். நான் ரத்தம் என்று சொன்னது பொய்யானதும் அவனுக்கு விடுதலை. எனக்கு நேர்மாறு. அதுவரை நான் அடித்ததில் பாதியை அப்பா சுமந்துகொண்டிருந்தார். இப்போது அவர் இறக்கி வைத்துவிட்டார்.

பிறகு சில வாரங்கள் அவன் மாடிப்பக்கம் வரவில்லை. சாப்பாடு மருமகள் கொண்டுவந்து வைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டகையில் மெஷின் ஓடாத நேரம், குழந்தையோடு மேலே வந்தான். தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னான். மாமாவுக்குத் தெரியாதது உங்களுக்குத்தானே தெரியும், பாப்பா கேட்கட்டும் என்றான். குழந்தை அதற்குள் என் அப்பாவுக்குச் சேத்துத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தது. நான் மாடித் தாத்தா.

சொல்ல ஆரம்பித்தேன். அம்மா செத்தபின் அவரே எனக்குத் தலை வாரிவிடுவார், வகிடு எப்போதும் கோணலாகவே வரும். விடுதிக்கு என்னைப் பார்க்க வரும்போது மீன் வாடை அடிக்கக்கூடாது என்று வழியில் இருந்த குளத்தில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவார், அப்படியும் வாசலுக்கு வெளியேதான் நிற்பார். குழந்தை வாயைப் பிளந்து கேட்டது. மகன் கட்டிலில் சாய்ந்து கேட்டான். என் பக்கத்தில் அவன் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும். அவர்கள் வருவது எனக்காக இல்லை என்று தெரியும். குழந்தை நோட்டில் படம் வரைந்தது. சேற்றில் நடக்கும் ஒரு பெரிய ஆள், அவர் இடுப்பிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனையில் குட்டியாக ஒரு பெண் பிள்ளை. இது யாரு என்று கேட்டேன். "நானுங்க," என்றது. தன் பூட்டனோடு அது சேற்றுக்குள் போய்விட்டது. நான் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. இறந்து ஐம்பது வருடத்தை நெருங்கும் என் சொந்த அப்பா மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அடிக்காமல் இருந்ததைத் தவிர அவர் என்ன செய்தார் என்றுகூடத் தோன்றியது. அடிக்காமல் இருந்தது போதாதா என்று அப்புறம் தோன்றியது.

நான் கதைகளைப் பங்கிட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒன்றுதான். நடுவில் நிறுத்தி, மிச்சம் அடுத்த வாரம் என்பேன். மகனுக்கு என் தந்திரம் புரிந்திருக்கும். ஆனால் பத்து வயதில் விடுதிக்குப் போனவனிடம் அப்பாவைப் பற்றி எவ்வளவு இருக்கும்? பங்குனி வாக்கில் தீர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாள் வெள்ளத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்ததாக. நன்றாக வந்திருந்தது. மொழி படித்தவனுக்கு அது கஷ்டமில்லை. குழந்தைக்கு அது பிடிக்கும், அடுத்த வாரமும் வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் மட்டும் வந்தான். குழந்தை கீழே தூங்குகிறது என்றான். வாயைத் திறந்தேன். முதலில் சொன்ன பொய்யில் அப்பாவைக் கெட்டவராக்கினேன், இதில் நல்லவராக்கப் போகிறேன், ஆனால் இரண்டும் ஒரே வேலைக்குத்தான்: பக்கத்தில் ஒருவரை உட்காரவைக்க.

"அவ்வளவுதான்டா," என்றேன். "இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது. மிச்சமெல்லாம் ஒன் மாமாகிட்டதான் இருக்கு. நான் அவரு சாவுக்கும் போகல."

அது அவனுக்குத் தெரிந்திருந்தது. மச்சான் சொல்லியிருப்பான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அம்மாவ மொதமொதல்ல எப்பங்க அடிச்சீங்க?"

அவன் அந்தச் சதுப்புக்குள் போய்த் தேடியதெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. இவ்வளவு நாளும் இந்த வீட்டிலேயே அதைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவிடவில்லை.

சொன்னேன். அப்போது அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த துணியில் ஓட்டை, தையல் விட்டது, கறை எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. தலையெல்லாம் பஞ்சுப் பிசிறோடு வருவாள். அன்று வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். கட்டிங் மாஸ்டர் ஒருவர் முதலாளி மாதிரியே பேசிக் காட்டினாராம். அவள் அந்த மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டினாள். தட்டில் சோற்றைப் போட்டபடியே, சிரிப்பை அடக்க முடியாமல். அவளை நான் அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. எனக்கு அப்படிப் பேசத் தெரியாது. அடித்தேன். தட்டு விழுந்தது. அவள் முதலில் அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தாள், முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு குனிந்து சோற்றை அள்ளினாள்.

மகன் என் பக்கம் திரும்பினான்.

"சிரிச்சதுக்குங்களா?"

"ஆமா."

"வேற ஒண்ணுமில்லீங்களா?"

"வேற ஒண்ணுமில்ல."

அவன் தலையை ஆட்டினான். கோபமில்லை, கோபத்தைத் தாண்டிய ஒன்றும் இல்லை. கணக்கு ஒத்துப்போன ஆள்போல இருந்தான். "பாப்பா நல்லாச் சிரிப்பாளுங்கப்பா," என்றான். "அவங்க அம்மாயி ஊட்டுக்குப் போயிட்டு வந்தா மூணு நாளைக்கு அங்க பாத்ததையே நடிச்சுக் காட்டிச் சிரிச்சுட்டே இருப்பா."

அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பாப்பாவை என்னோடு தனியாக விடுவாயா என்று இத்தனை நாள் கேட்க நினைத்ததற்கு, நான் கேட்காமலே அவன் பதில் சொல்லிவிட்டான்.

"தனியா விடாத," என்றேன். "நீங்க யாராச்சும் இருங்க."

"இருக்கறனுங்க," என்றான். எழுந்து, என் கட்டில் விரிப்பில் தான் உட்கார்ந்த இடத்தின் சுருக்கத்தை நீவிவிட்டுக் கீழே போனான்.

சற்று நேரத்தில் குழந்தை எழுந்துவிட்டது போலிருக்கிறது. கீழே பேச்சுக் குரல் கேட்டது. அவன் ஏதோ சொல்ல, குழந்தை சிரித்தது, மருமகளும் சேர்ந்து சிரித்தாள். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்து படிவரை போனால் கேட்கும். பழைய பொறாமை நெஞ்சில் எழுந்தது, அது இத்தனை நாளும் எங்கும் போய்விடவில்லை. நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.